கறுக்காத தண்ணீர்

தம்பி,

கையெழுத்துப் போட மாட்டேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் அம்மா இறங்கி வந்துவிட்டாளா என்று பார்க்க நீ கடைசிப் பக்கத்தைத் திருப்புவாய். சின்ன வயதிலிருந்தே கதையைக் கடைசியிலிருந்து படிக்கிற புத்தி உனக்கு. இறங்கி வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் நீ விரித்துப் போட்டுவிட்டுப் போன வரைபடம், இன்று காலை நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போதும் அங்கேயேதான் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க உன் அப்பா நாலு மூலையிலும் டம்ளர் வைத்திருந்தார். வலது பக்கம் கீழே என் பெயரைத் தட்டச்சு செய்து, மேலே கொஞ்சம் இடம் விட்டு, அழகாகத்தான் தயாரித்திருக்கிறீர்கள். அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.

நேரில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம். அன்றைக்கு நாம் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு மாமி டி.வி.யை நிறுத்திவிட்டுக் கேட்டாளாம். அவளே வந்து சொன்னாள். "கையெழுத்துப் போட்டுட்டு என் கல்யாணத்துக்கு வா. இல்லன்னா வராதே" என்று நீ சொன்னது அவளுக்கும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. ஆகவே இனி இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை உன் மாமனாரிடம் காட்டு. தி.நகரில் நீ வேலை பார்க்கிற அவர் கம்பெனி நோட்டீஸ் போர்டில் வேண்டுமானாலும் ஒட்டு. யார் படித்தாலும் புரிய வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படி. தை மாதம் மாப்பிள்ளை ஆகப் போகிறவனுக்குப் பொறுமை நல்லது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சொந்தக் காகிதத்தில், சொந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன். அரசாங்கச் சொத்து எதையும் தொடவில்லை.

உன் அம்மாவின் உத்தியோகம் என்னவென்று நம் உறவில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது. "கவர்மெண்டுல மண்ணு டெஸ்ட் பண்ணுதா" என்பார்கள். அது இல்லை. பூமிக்கடியில் நிலக்கரி எங்கே கிடக்கிறது, எவ்வளவு கிடக்கிறது, எரித்தால் எவ்வளவு சூடு தரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. நம் மாநிலத்தில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. நெருக்கமாகவும் இல்லாமல் தூரமாகவும் இல்லாமல் ஓர் ஒழுங்கில் துளை போட்டுக்கொண்டே போவோம். ஒவ்வொரு துளையிலிருந்தும் களிமண்ணும் மணலும் கரியும் கரும்புத் துண்டு மாதிரி உருளை உருளையாக வெளியே வரும். அதைக் கோர் என்போம். கரி எந்த ஆழத்தில் ஆரம்பித்து எந்த ஆழத்தில் முடிகிறது என்று அளப்போம். பரப்பைக் கனத்தால் பெருக்கி எடைக்கு மாற்றினால் இவ்வளவு கரி என்று வந்துவிடும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. இதில் வம்பு ஒன்றே ஒன்று. நாம் பார்த்தது துளையை மட்டும்தான். இரண்டு துளைக்கு நடுவே இருப்பதைப் பார்த்தவர் யாரும் இல்லை. அங்கேயும் கரி ஓடுகிறது என்று நம்புகிறோம். துளைகள் நெருக்கமாக இருந்தால் 'உறுதி' என்று எழுதுவோம். தள்ளித் தள்ளி இருந்தால் 'ஊகம்' என்று எழுதுவோம். உறுதி என்று எழுதினால் பேங்க்காரன் கடன் கொடுப்பான். ஊகம் என்று எழுதினால் காபி மட்டும் கொடுப்பான்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. கோர் வெளியே வரும்போது பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்து எழுதியவர் யாரோ, அவர் கையெழுத்து இல்லாமல் அந்தப் படம் வெளியே போகாது. மேலதிகாரி எல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்தப் படத்தில் இருக்கிற எல்லாத் துளைகளுக்கும் பக்கத்தில் நின்றவள் நான். அதனால்தான் இத்தனை பேர் என் பின்னால் சுற்றுகிறீர்கள்; என் அழகுக்காக இல்லை. உன் மாமனார் அங்கே ஒரு மின்நிலையம் கட்டப் போகிறார். தனியார் கட்டலாம் என்று அரசாங்கம் சொன்ன நாளிலிருந்து ஊரில் அவனவன் மின்நிலையம் கட்டக் கிளம்பிவிட்டான். கட்டட்டும். மின்வெட்டில் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருப்பவள்தான் நானும். கரி இருக்கிற இடத்தில் தோண்டுவதற்கு நான் குறுக்கே படுக்கவில்லை. படத்தின் நட்டநடுவே ஒரு துளையில் கரி இல்லை. அந்தத் துளையை நீங்கள் படத்திலிருந்து எடுத்துவிட்டு என்னிடம் கொண்டு வந்திருக்கிறீர்கள். சண்டை இவ்வளவுதான்.

அந்தத் துளையைப் பற்றிச் சொல்கிறேன். துளை போடும்போது உள்ளே தண்ணீரைச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். அது அரைபட்ட மண்ணைச் சுமந்துகொண்டு மேலே திரும்பி வரும். கரியைத் தொட்டதும் மேலே வருகிற தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரிக் கறுத்துவிடும். மெஷின் ஆட்கள் "வந்துருச்சு" என்று கத்துவார்கள். அன்றைக்கு, சுற்றியிருந்த துளைகளில் கரி கிடைத்த ஆழத்துக்கு வந்தோம். தண்ணீர் கறுக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுப்பாகவே வந்துகொண்டிருந்தது. இன்னும் கீழே போகச் சொன்னேன். போனார்கள். அப்போதும் வெளுப்புதான். கோரை எடுத்துப் பார்த்தால் வெள்ளை மணல். எந்தக் காலத்திலோ ஓடிய ஆறு ஒன்று அந்த இடத்தில் கரியை அறுத்துக்கொண்டு போய், தன் மணலைக் கொட்டி நிரப்பிவிட்டுப் போயிருக்கிறது. அந்த ஆறு எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியாது. தெரிய வேண்டுமானால் நடுவே இன்னும் சில துளைகள் போட வேண்டும். கேட்டேன். நேரமில்லை என்றார்கள்.

உங்கள் ஆலோசகர் என்ன சொல்கிறார்? அங்கேயும் கரி இருந்தது, மெத்தென்ற கரியானதால் தண்ணீரில் கரைந்து போய்விட்டது, கோரில் வரவில்லை, ஆகவே பக்கத்துத் துளைகளின் கனத்தையே அதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அப்படி நடப்பதுண்டு. நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கரைந்த கரி எங்கே போகும்? தண்ணீரோடுதானே மேலே வர வேண்டும்? தண்ணீர் கறுத்திருக்க வேண்டாமா? துளைக்குள் இறக்கிப் பார்க்கிற மின்கருவி அன்றைக்குப் பழுதாகிக் கிடந்தது. அதனால் சாட்சிக்கு இருப்பது என் கண் மட்டும். "மேடம் பார்த்தேன்னு சொல்றதெல்லாம் ஆதாரம் ஆகுமா" என்று கேட்டாராம் அந்த மனிதர். அவர் தி.நகரில் ஏ.சி. அறையில் இருந்தபடியே கரைந்த கரியைப் பார்த்திருக்கிறார். நான் வெயிலில் நின்று வெள்ளைத் தண்ணீரைப் பார்க்கக் கூடாதா?

அந்தத் துளை போட்ட இடம் ஒரு வேர்க்கடலைக் கொல்லையின் ஓரம். கொல்லைக்காரி பெயர் சரோஜா. மெஷின் சேறு செடியில் ஏறிவிட்டது என்று காலையிலிருந்து எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தவள், மெஷினை நிறுத்தியதும் என்னிடம் வந்தாள். "ஏம்மா, எங்க ஊட்டுக்கு அடியில கரி இருக்கா இல்லையா? இருந்தா இப்பவே சொல்லிடு. இந்த வருசம் கூரை மாத்தாம வுட்டுடறேன்" என்றாள். கரி இருந்தால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மண்ணைப் பற்றிக் கேள்வி கேட்டால், "மேலிடத்தில் சொல்வார்கள்" என்று நழுவுவதுதான் எங்கள் பழக்கம். நான் நழுவவில்லை. "இந்த இடத்துல இல்ல. கூரையை மாத்திக்க" என்று சொன்னேன். அவள் மாற்றியிருப்பாள். இப்போது நீங்கள் கொண்டு வந்திருக்கிற படத்தில் அந்தக் கூரைக்கு அடியில் கறுப்பு மை தடவியிருக்கிறது.

அளவில் மட்டும் இந்தக் கூத்து நடக்கவில்லை, தரத்திலும் நடந்தது. நீ காலேஜில் கடைசி வருஷம் படிக்கும்போது, ஒரு நாள் நான் ஆபீஸிலிருந்து கத்திக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தது நினைவிருக்கிறதா? எங்கள் பழுப்புக் கரியில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பூமியிலிருந்து எடுத்த ஈரம் போகாமல் பாலிதீன் கவரில் சுற்றி, வாயைக் கட்டி, அடையாற்றில் இருக்கிற பரிசோதனைக்கூடத்துக்கு லாரியில் அனுப்புவோம். ஈரத்தோடு எரித்துப் பார்த்தால்தான் அது கொதிகலனில் எப்படி எரியும் என்று தெரியும். இதே நிலத்துக் கரி போன அந்த முறை, திங்கட்கிழமை வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று யாரோ நல்ல எண்ணத்தில் வெள்ளிக்கிழமையே கவர்களைப் பிரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மின்விசிறியை நிறுத்தவும் மறந்துவிட்டார்கள். சித்திரை மாசத்து மெட்ராஸ். சனி, ஞாயிறு முழுக்கக் கரி காய்ந்து, வடகம் மாதிரி வெடித்துக் கிடந்தது. திங்கட்கிழமை எரித்துப் பார்த்தால் சூடு எக்கச்சக்கம்! இப்படி ஒரு கரி நம் மாநிலத்திலேயே இல்லை என்று மைசூர்பாகு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார்கள். நானும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டுதான் அந்தத் தட்டுகளைப் பார்க்கப் போனேன். பார்த்ததும் தொண்டையில் நின்றுவிட்டது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புது சாம்பிள் எடுக்க வேண்டும் என்றேன். மைசூர்பாகு தின்ற வாயெல்லாம் என்னைத் திட்டியது.

அன்றைக்கு நீ என்ன சொன்னாய் தெரியுமா? "எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. உனக்கு மட்டும் ஏம்மா எரியுது?" என்றாய். கரி அளவுக்கு மேல் எரிந்ததுதான் பிரச்சினை என்று உன் அப்பா சொல்ல, நாம் மூன்று பேரும் சிரித்தோம். புது சாம்பிள் வந்தது. சூடு வழக்கமான அளவுக்கு இறங்கியது. உலகம் முடிந்து போகவில்லை. இப்போது உங்கள் அறிக்கையின் பின்பக்கத்தில் தர அட்டவணையைப் பார்த்தேன். தூக்கிப் போடச் சொன்ன அந்தக் காய்ந்த கரியின் அளவுகள் அதில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரியும்.

இந்த மாதிரிக் கடிதங்களில் பெற்றவர்கள் தாங்கள் செய்த தப்பையெல்லாம் வரிசையாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பது வழக்கம். என்னிடம் அதை எதிர்பார்க்காதே. நான் மாதக்கணக்கில் வெளியூரில் கிடந்தேன், நீ அப்பாவின் ஜவுளிக்கடையில் புடவைக் கட்டுகளுக்கு நடுவே படுத்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தாய் என்பது உண்மை. "பொம்பளை காடு மேடு சுத்துதா, ஆம்பளை பிள்ளை வளக்கான்" என்று சொந்தக்காரர்கள் சொன்னதும் உண்மை. அதற்கு நான் அன்றும் வெட்கப்படவில்லை, இன்றும் படவில்லை. உன் அப்பாவும் படவில்லை. கேலி செய்த சித்தப்பாவிடம், "அவ பூமியைத் தோண்டுதா. நீ என்னத்தத் தோண்டுதே?" என்று கடையில் ஆள் இருக்கும்போதே கேட்டவர் அவர்.

போன மாதம் உன் மாமனார் குடும்பத்தோடு நம் அபிராமபுரம் வீட்டுக்கு வந்ததைச் சொல்கிறேன். நீ அதை நினைத்து நினைத்துக் குமுறுகிறாய் என்று தெரியும். பழமும் பூவும் பட்டுப் புடவையுமாக வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினோம். காபி குடித்து முடிந்ததும் அவர் ஆரம்பித்தார்.

"தங்கச்சி, இம்புட்டுப் பெரிய படத்துல ஒரு பொட்டு. அதுக்காவ ஒரு நல்ல காரியத்த நிறுத்தணுமா?"

"நிறுத்தச் சொல்லல, அண்ணாச்சி. அந்தப் பொட்டைப் போடச் சொல்லுதேன்."

"சுத்தி எல்லாத்துலயும் இருக்கு. நடுவுல மட்டும் எப்படி இல்லாமப் போவும்? அறிவுக்கு ஒத்து வருதா?"

அவர் தட்டில் உளுந்த வடை இருந்தது. எடுத்துக் காட்டி, "இதுல எப்படிப் போச்சு அண்ணாச்சி?" என்றேன். கல்யாணப் பெண் கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. மாப்பிள்ளை முறுக்கோடு விறைத்து உட்கார்ந்திருந்தாய்.

அதற்குமேல் உன் அப்பா செய்ததுதான் உனக்குத் தாங்கவில்லை. அவர்கள் கொடுத்த புடவையைக் கையில் வாங்கினார். சபையில் கொடுத்ததை வாங்கிக் கண்ணில் ஒற்றி வைத்துவிட வேண்டும், அதுதான் முறை. ஆனால் நாற்பது வருஷக் கடைக் கை கேட்கவில்லை. எழுந்து நின்று ஒரு உதறு உதறி, முந்தானையிலிருந்து உள்கட்டு வரைக்கும் கூடம் முழுக்க விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சம்பந்தியம்மாள் முகம் சிறுத்துவிட்டது. இவர் நிதானமாக மடித்து வைத்துவிட்டு, "ஒரு குறையும் இல்ல, சம்பந்தி. அருமையான புடவை. முழுசா விரிச்சாத்தான சொல்ல முடியும்" என்றார். அவர் யாரையும் குத்திப் பேசவில்லை. குத்திப் பேச அவருக்குத் தெரியாது. கேட்டவர்களுக்குத்தான் குத்தியது. அவர்கள் போனதும், "என் மானத்தை வாங்கிட்டீங்க" என்று நீ அவரிடம் பாய்ந்தாய். அவர் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு உன் மேல் வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை, சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நீ சொன்னதற்கும் பதில் சொல்கிறேன். "ரிட்டயர் ஆகப் போறே. பூமிக்கடியில இருக்கறதை எவன்மா வந்து பாக்கப் போறான்?" என்றாய். தோண்டும்போது பார்ப்பான். அதற்குள் சரோஜா வீடு இருக்காது. கூரையைப் பிரித்த பிறகு, அடடா இங்கே மணல்தான் இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கட்டிக் கொடுக்கிற வழக்கம் எந்தக் கம்பெனிக்கும் கிடையாது. மணலை எரித்துக் கரண்டு எடுக்கவும் முடியாது. அப்போது உன் மாமனாரின் கொதிகலனும் சேர்ந்துதான் குளிர்ந்து கிடக்கும். அவருக்கு நான் செய்வது உபகாரம். அது அவருக்குப் புரியாது. உனக்குப் புரிய வேண்டும்.

உனக்குப் புரியும் என்று எனக்கு ஏன் இவ்வளவு நிச்சயம் தெரியுமா? நீயும் என் படிப்பையே எடுத்துப் படித்தாயே, இரண்டாம் வருஷத்தில் சேலம் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டாய். வாத்தியார் காட்டிய மலைச்சரிவில் இன்ன பாறை இருப்பதாக எல்லோரும் எழுதிவிட்டார்கள், நீ ஏறி இறங்கித் தேடியும் அது கிடைக்கவில்லை என்றாய். என்ன எழுதட்டும் என்று நீ என்னைக் கேட்பாய் என்று நினைத்தேன். நீ கேட்கவில்லை. "நான் பாக்கல, அதனால இல்லன்னு எழுதிட்டேன்மா. மார்க் போயிடும். சும்மா சொல்லத்தான் பண்ணேன்" என்று சொல்லிவிட்டு, மீட்டர் ஓடுகிறது என்று வைத்துவிட்டாய். மார்க் போனது. நான் அன்றைக்குத் தெருக்கோடிக் கடைக்குப் போய் உன் அப்பாவுக்கும் எனக்கும் பாதாம் அல்வா வாங்கி வந்தேன். அந்தப் பிள்ளை எங்கேயும் போய்விடவில்லை. கல்யாண அலங்காரத்தில் கொஞ்சம் மறைந்திருக்கிறான், அவ்வளவுதான்.

இப்போது நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணத்தைச் சொல்கிறேன். சனிக்கிழமை விடுமுறை. உன்னோடு கத்திய கத்தலில் எனக்கே ஒரு சந்தேகம் வந்து, மறுபடி ஒரு முறை அந்தக் கோரைப் பார்த்துவிடலாம் என்று தரமணியில் இருக்கிற எங்கள் ஷெட்டுக்குப் போனேன். எடுத்த கோரையெல்லாம் மரப்பெட்டிகளில் அடுக்கி அங்கேதான் வைத்திருக்கிறோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காவலுக்கு இருக்கிற முனுசாமி வந்து, "மேடம், ஒரு பொண்ணு வந்துகீது. உங்க மருமவன்னு சொல்லிக்கினு நிக்குது. உள்ள உடட்டா?" என்றார். கோமதி. தி.நகரிலிருந்து ஆட்டோவில் வந்திருக்கிறாள். வீட்டில் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குத் தேடிப் போனவளை உன் அப்பா இங்கே அனுப்பியிருக்கிறார்.

"அத்தை, எல்லாரும் அதைப் பத்தியே பேசறாங்க. நான் ஒரு தடவை பாக்கலாமா?" என்று கேட்டாள்.

முதலில் பக்கத்துத் துளையின் பெட்டியைக் காட்டினேன். பழுப்பும் கறுப்புமாக, மரப்பட்டை மாதிரி, கையில் எடுத்தால் உதிர்கிற கரி. அப்புறம் இந்தப் பெட்டி. அதே ஆழத்தில் வெள்ளை மணல். அவள் விரலை விட்டுக் கிளறினாள். கீழே ஏதாவது இருக்குமோ என்று நினைத்தாள் போல. துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்பா இதைப் பாத்தாரா?" என்றாள். கூப்பிட்டேன், வரவில்லை என்றேன். "அவர்?" என்றாள். உன்னைத்தான். அவனையும் கூப்பிட்டேன், வரவில்லை என்றேன்.

மணல் பெட்டியின் மூடியை அவளே சாத்தினாள். பிறகு சொன்னாள்: "அத்தை, நீங்க போடலன்னா அப்பா விட்டுட மாட்டார். கம்பெனி ரிப்போர்ட்டாவே வெளியிடப் போறார். ஜியாலஜி படிச்சவங்க ஒருத்தர் கையெழுத்து இருந்தாப் போதுமாம். அவரைப் போடச் சொல்லியிருக்கார். கல்யாணத்துக்கு முன்னாடியே."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல, அத்தை."

அதுவரைக்கும் எனக்குக் கோபம்தான் இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது, தம்பி. என் கையெழுத்தை எவனும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. அதைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. இன்னும் சில மாதத்தில் நான் வீட்டுக்குப் போய்விடுவேன். உனக்கு இன்னும் முப்பது வருஷம் இருக்கிறது. முதல் கையெழுத்தையே பார்க்காத கரிக்குப் போட்டால், அப்புறம் பார்த்ததற்கும் பார்க்காததற்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். என்னிடம் படத்தை விரித்துவிட்டு அவ்வளவு சத்தம் போட்டாயே, அதுகூட இதற்குத்தானோ? நான் போட்டுவிட்டால் நீ போட வேண்டியதில்லை என்று தப்பிக்கப் பார்த்தாயோ? அப்படியென்றால் உனக்குள்ளேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? மாமனாரிடம் முடியாது என்று சொல்ல நா எழவில்லை, அம்மாவைக் கல்யாணத்துக்கு வராதே என்று சொல்ல மட்டும் எழுந்துவிட்டதா?

கோமதி கிளம்பும்போது, "கல்யாணம் நின்னுடுமா அத்தை?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. "அதை நீயும் அவனும்தான் முடிவு பண்ணணும். கரி முடிவு பண்றதில்ல" என்றேன். இங்கே வந்ததை உன்னிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்க அத்தை. நான் பாத்துட்டேன்னும் சேத்துச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன். முனுசாமி அவளுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு வந்து, "கெட்டிக்காரப் பொண்ணு மேடம். உங்க பையன் குடுத்து வெச்சவன்" என்றார். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இன்று காலை என் படத்தை முடித்துவிட்டேன். வெற்றுத் துளையை அது இருக்கிற இடத்தில் போட்டு, அதைச் சுற்றி இருப்பதையெல்லாம் உறுதியிலிருந்து ஊகத்துக்கு இறக்கி, நியாயமாக எவ்வளவு வருமோ அவ்வளவு கரியை மட்டும் எழுதி, ஈரத்தோடு எரித்த சூட்டையே தரமாகக் காட்டி, கீழே கையெழுத்துப் போட்டு மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ரிட்டயர் ஆகிற நேரத்தில் எதுக்கு மேடம் வம்பு? கொஞ்சம் யோசிச்சுக்குங்களேன்" என்றார். "யோசிச்சாச்சு சார்" என்றேன். அவர் அதை மேலே அனுப்பலாம், பீரோவில் வைத்துப் பூட்டலாம். எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரலாம். வந்தால் போவேன். பெட்டி கட்டுவது எனக்குப் புதுசு இல்லை.

இனி முடிவு உன்னுடையது. சாவி முனுசாமியிடம் இருக்கிறது. என்னைக் கேட்க வேண்டியதில்லை. நீ பெயரைச் சொன்னால் திறந்து விடச் சொல்லியிருக்கிறேன். போய் அந்தப் பெட்டியில் கையை விட்டுப் பார். பார்த்துவிட்டு மாமனாரிடம் முடியாது என்று சொன்னால், அவர் உன்னை வேலையை விட்டு அனுப்பினால், வீட்டுக்கு வா. அப்பா கடையில் உனக்கு இடம் உண்டு, உன் படிப்புக்கு இந்த ஊரில் வேலையும் உண்டு. பார்த்த பிறகும் உங்கள் படத்தில் நீ கையெழுத்துப் போட்டால், அதையும் தெரிந்துகொள். அந்த நிலத்தைப் பற்றி ஊர் மக்களைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்கிற நாளில், உன் படத்துக்கு எதிராக எழுந்து நின்று பேசுகிற முதல் ஆள் நான்தான். அந்தக் கையெழுத்து என் மகனுடையது என்று சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன். அதேபோல், தை மாதம் உன் மணவறைக்குப் பக்கத்தில், நல்ல பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, முதல் ஆளாக நிற்கப் போவதும் நான்தான். இரண்டுக்குமே நீ என்னை அழைக்க வேண்டியதில்லை.

அம்மா